சூப்பில் சுருண்ட மரவட்டை

"நாலு மணிக்கு விசாரணை. அதுக்குள்ள நீங்கதான் ஏதாவது வழி சொல்லணும், பூச்சியம்மா," என்றாள் ஆஸ்பத்திரிச் சமையல்காரி. உட்காரச் சொன்னால் எழுந்தாள். எழுந்தவள் ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தாள். கூட வந்த கணவர், அதே ஆஸ்பத்திரியின் தோட்டக்காரர், வாசலோடு நின்றுகொண்டார். வலது கையில் இரண்டு விரல்களுக்குத் துணிக்கட்டு.

வெளியூரில் திறக்கப்போகும் புது ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம் தலைமைச் சமையல்காரியாகப் போக வேண்டியவள் அவள். நேற்று மதியம் ஒரு நோயாளியின் கிண்ணத்தில் மரவட்டை கிடந்தது. இனி புது வேலை எங்கே, இருக்கிற வேலையே சந்தேகம்.

பூச்சியம்மா கல்லூரியில் முப்பது வருஷம் பூச்சிகளோடு மல்லுக்கட்டியவர். சமையல்காரி பாட்டிலில் கொண்டுவந்த மரவட்டையை நிதானமாக வெள்ளைத் தட்டில் கவிழ்த்தார். அவருடைய நாத்தனாருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"கீரை சூப்புதானே அண்ணி? கீரை கழுவினவளைப் பிடிங்க, முடிஞ்சுது!"

"அவசரக் குடுக்கை! லென்ஸை எடு. கால் ஏதாவது உடைஞ்சிருக்கா?"

"அடேயப்பா, எத்தனை கால்! ஒண்ணுகூட உடையலை அண்ணி."

"அரை மணி நேரம் கீரையோட கொதிச்சிருந்தா இப்படி முழுசா இருக்குமா? அடுப்பை விட்டு இறக்கினதுக்கு அப்புறம்தான் உள்ளே போயிருக்கு."

"இறக்கினதும் நான் மூடிட்டேனே," என்றாள் சமையல்காரி. "தினமும்போல இவர்தான் வார்டுக்குத் தூக்கிட்டுப் போனார்." சொன்னவளின் நடை சட்டென்று நின்றது.

"மரவட்டை கரப்பான் மாதிரி சமையலறையைத் தேடி வராது. மக்கின இலையும் ஈரமும்தான் அதுக்கு வீடு. பூந்தொட்டிக்கு அடியில பார்த்தா கிடைக்கும்." பூச்சியம்மா தோட்டக்காரரை நிமிர்ந்து பார்த்தார். "கையில எடுத்தா சுருண்டுக்கிட்டு ஒரு சாறு விடும். அந்தக் கறை சோப்புக்கெல்லாம் போகாது. கட்டை அவிழுங்க, பார்ப்போம்."

கட்டுக்குள் காயம் இல்லை. விரல் நுனிகள் பழுப்பேறிக் கிடந்தன.

"தோட்டக்காரர் கையில கறை இருந்தா யாரு கேட்கப்போறாங்க? மறைச்சீங்களே, அதுலதான் மாட்டிக்கிட்டீங்க."

அவர் மனைவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். "நீ போயிட்டா வீட்ல நான் யார்கூடப் பேசுவேன்? கெட்ட பேர் வந்தா அங்கே கூப்பிட மாட்டாங்கன்னு நினைச்சேன். வேலைக்கே ஆபத்து வரும்னு தோணலை."

சமையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பேன்," என்றாள். "இப்போ போறேன். நாலு மணிக்கு வந்து, இந்தக் கையை அவங்ககிட்ட நீங்களே காட்டுங்க."