வீட்டுக்காரியின் அளவு

அன்று காலை டிலோஜினியின் நெற்றி வாசல் நிலையில் இடிக்கவில்லை.

கலியாணம் முடித்துத் தலைமன்னாருக்கு வந்த நாளிலிருந்து, சமைக்கிற குசினியின் வாசலில் குனிய மறந்தால் ‘டொக்’கென்று ஒரு குட்டு நிச்சயம். ஜஸ்ரினின் முதல் மனைவி, செத்துப்போன பிறின்சிக்காகக் கட்டிய வீடு அது. மேசன் பிறின்சியை நிற்கவைத்துக் கயிறு பிடித்து, உச்சந்தலைக்கு மேலே நாலு விரல் விட்டு நிலை வைத்தானாம். அவள் இடுப்புக்கு அடுப்புக்கட்டு, கண்ணுக்கு யன்னல்.

“வீட்டுக்காரியின்ர அளவில கட்டினால்தான் வீடு ஆளை விடாது,” என்று மாமியார் மாக்கிறட் முதல்நாளே சொல்லிச் சிரித்தாள். “நீ பனை மாதிரி வளந்து நிக்கிறாய். பறவாயில்லைப் பிள்ளை, வீடு பழக்கிப்போடும்.”

இன்று தேத்தண்ணியோடு நிமிர்ந்தே வந்துவிட்டாள்.

“இஞ்சேருங்கோ, நிலை இடிக்கேல்லை.”

“குனியப் பழகியிட்டீர்,” என்றான் ஜஸ்ரின்.

“நான் குனியேல்லையே.”

அவன் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போனான்.

மத்தியானம் சோளகக் காற்று எழும்பியது. மணல் ஓட்டில் சொரிந்து, கதவிடுக்கால் சீறி, கருவாட்டு மணத்தையும் இழுத்துவந்து நாக்கில் உப்பாய் ஒட்டியது. முன்கதவைச் சாத்தி மேல்கொண்டியைப் போட்டாள். குதிக்காலை உயர்த்தித்தான் எட்ட முடிந்தது. அதற்கு முன் ஒருநாளும் அப்படியில்லை. பிறின்சி நித்திரையில் எழும்பிக் கடலுக்கு நடக்கிறவளாம். அவளுக்கு எட்டக்கூடாதென்று ஜஸ்ரின் உயரே அடித்துவைத்த கொண்டி அது. ஒருநாள் விடியற்காலை அந்தக் கதவடியில்தான் அவள் விறைத்துக் கிடந்தாள்.

அலுமாரிக் கண்ணாடியில் முகம் பார்க்க டிலோஜினி எப்போதும் முழங்கால் மடிக்கவேண்டும். இப்போது நேராக நின்றாள். முகம் நட்டநடுவில் தெரிந்தது. கணுக்காலில் நின்ற சட்டையின் விளிம்பு நிலத்தில் இழுபட்டது. எலும்புக்குள் மணல் இறங்குவதுபோல ஒரு சத்தம். வெளியிலா? உள்ளேயா?

நறுவிலிக்குளத்துக்குப் போய்விட வேண்டும். அம்மாவிடம். இப்போதே.

கதவடிக்கு ஓடிக் கையை நீட்டினாள். கொண்டிக்கு ஒரு சாண் குறைந்தது.

கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள்.

அதே ஒரு சாண்.

யன்னலெல்லாம் கம்பி. இறங்கிவந்து கதவில் அறைந்தாள். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

“இஞ்சேருங்கோ! கொண்டி எட்டுதில்லை! கதவை உடையுங்கோ!”

காற்று நின்றது. கதவுக்கு அப்பால் மாமியார் மகனிடம் மெல்லச் சொன்னாள்:

“பழகியிட்டாள், தம்பி.”

ஜஸ்ரினின் மூச்சு பலகையில் உரசியது. குழந்தையைத் தாலாட்டும் குரல்.

“போய்ப் பாயில படும், பிறின்சி.”

“நான் டிலோ...”

மீதிப் பெயர் வரவில்லை. கதவைப் பிறாண்டினாள். கொண்டிக்குக் கீழே, ஒரு சாண் தள்ளி, பலகையில் பழைய நகக்கீறல்கள் இருந்தன. அவளுடைய விரல்கள் ஒவ்வொன்றாய், அளவெடுத்ததுபோல், அவற்றுக்குள் இறங்கின.