கேட்பவர்: ஒருவர்

சோபாவில் உட்கார்ந்து கேட்டால், அந்த வீட்டில் பாட்டு முதுகைக் காட்டிக்கொண்டு பாடியது.

இளையவள் முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள். எழுந்து சன்னலோர நாற்காலிப் பக்கம் இரண்டடி வைத்தால் குரல் தெளிந்துவிடும். பாடுகிறவள் வரிக்கு நடுவே மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். திரும்பி வந்து உட்கார்ந்தால், சாத்திய கதவுக்கு வெளியே நிற்கிற மாதிரி. அந்த நாற்காலி கண்ணாடிக்கடைக்காரரின் முதல் பெண்டாட்டி, மூத்தவளுடையது.

மூத்தவள் போய் மூன்று வருஷம். தங்கமான மனுஷி என்றுதான் தெருவில் எல்லோரும் சொல்வோம். செத்தவர்களைப் பற்றி வேறு என்ன சொல்ல முடியும்? கண்ணாடிக்கடைக்காரர் அவளைக் ‘கண்ணு’ என்று கூப்பிடுவார். மூக்குக்கண்ணாடி விற்கிறவர் பெண்டாட்டியைக் கண்ணு என்பது தொழில் பக்தி என்று நாங்கள் சிரித்ததுண்டு. பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருந்த இளையவளை அவர் கட்டிக்கொண்டு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. அவளுக்கு வெறும் ‘இந்தாம்மா’. தபால்காரரிடம்கூட இதைவிட உருக்கமாகப் பேசுவார்.

அந்த ஒரு சொல்லுக்காக அவள் முடியை வெட்டிப் பார்த்தாள், வளர்த்துப் பார்த்தாள், சன்னல் திரையை மாற்றிப் பார்த்தாள். அவரோ சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், இன்டர்நெட் ரேடியோ பாடும் ஸ்ட்ரீமரின் மூன்றாம் பொத்தானை அழுத்துவார். அழுத்திவிட்டு அந்தக் காலி நாற்காலியைப் பார்ப்பார். இவள் பக்கத்தில் நிற்பாள். பார்ப்பது நாற்காலியை.

கறுப்புப் பெட்டி, தலையில் ஆறு பொத்தான். ஆறிலும் மூத்தவள் வைத்துவிட்டுப் போன ரேடியோக்கள். மாற்றலாம் என்றால் அதற்கான போன் ஆப்பைக் கம்பெனியே நிறுத்திவிட்டது.

“இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாமே?” என்று ஒருநாள் கேட்டாள்.

“நல்லாத்தானே பாடுது, இந்தாம்மா.”

புதன்கிழமை கிளினிக் அரைநாள். மதியம் வீட்டுக்கு வந்ததும், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தங்கச்சிக்குப் போன் போட்டாள்.

“ஆப் போனா போகட்டும்க்கா. பெட்டிக்குள்ளயே எல்லாம் மாத்துற ஒரு வெப் பக்கம் இருக்கும். நான் சொல்ற நம்பரை பிரவுசர்ல அடி.” தங்கச்சி சிரித்தாள். “உலகத்துலயே செத்தவகூடப் போட்டி போடுற ஒரே ஆளு நீதான்.”

“யாருடி செத்தவ? ஆறு பொத்தானும் அவ கையிலதான் இருக்கு.”

லேப்டாப்பில் பக்கம் திறந்தது. இளையவள் தனக்குப் பிடித்த ரேடியோ ஒவ்வொன்றையும் சேர்த்தாள். சேர்த்தது பட்டியலில் மேலே போய் உட்கார, பழையது ஒரு படி இறங்கியது.

“அது அப்படித்தான்க்கா. புதுசு மேல, பழசு கீழ. குழம்பிக்காத.”

“நான் என்ன பாப்பாவா?”

மூன்றாம் பொத்தானை அழுத்தினாள். அவளுடைய பாட்டு வந்தது. சோபாவில் போய் உட்கார்ந்தாள். பாட்டு மாறியிருந்தது, முதுகு மாறவில்லை.

“‘அறை’ன்னு ஒரு செட்டிங் இருக்கா பாரு,” என்றாள் தங்கச்சி. “பெட்டியில மைக் இருக்கும். நாம உட்கார்ற இடத்தை அளந்து, சத்தத்தை அந்தப் பக்கமாத் திருப்பும்.”

இருந்தது. கேட்பவர்: ஒருவர். தொலைவு: 2.1 மீட்டர்.

தையல் டப்பாவிலிருந்து டேப்பை எடுத்து அளந்தாள். நாற்காலியில் தலை சாயும் இடம். பிசகாமல். அடுத்த வரியைப் படித்தபோது டேப் தானாகக் கையைவிட்டு நழுவியது. கடைசியாக அளந்தது: இன்று, காலை 11.40.

“அப்போ வீட்டுல யாருமே இல்லடி.”

“பழைய பெட்டி, மணி தப்பாக் காட்டும். புதுசா அளந்துடு. எனக்கு மீட்டிங், வைக்கிறேன்.”

போன் அடங்கியதும் வீடு கொஞ்சம் பெரிதானது போலிருந்தது. ஃப்ரிட்ஜ் ஒருமுறை சிலிர்த்து ஓய்ந்தது. வெயில் சன்னல் வழியே வந்து நாற்காலியின் மெத்தைமேல் விழுந்திருக்க, அதிலிருந்து பழைய முகப்பவுடர் வாடை, யாரோ இப்போதுதான் எழுந்துபோன சூட்டோடு, மெல்லக் கிளம்பிவந்தது. நியாயமாக அவள் சோபாவில் உட்கார்ந்து அளந்திருக்க வேண்டும். ஆனால் அவர் பார்ப்பது சோபாவையா?

நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினான்கு மாதத்தில் முதல் தடவை. வலது கைப்பிடி நுனியில் வார்னிஷ் மூன்று இடத்தில் தேய்ந்து வெளுத்திருந்தது. மூத்தவளின் மூன்று விரல் தாளம் போட்டுப் போட்டு.

லேப்டாப்பை மடியில் வைத்து ‘அளவிடு’ என்பதை அழுத்தினாள். அடிவயிற்றில் உறுமுவது போலத் தொடங்கிய ஓசை, தரையில் ஊர்ந்து, சுவரில் ஏறி, மெலிந்து மெலிந்து, கடைசியில் பல் கூசும் விசிலாகி நின்றது. திரையில் எழுத்து வந்தது.

அமைதியாக இருங்கள். மூச்சுச் சத்தம் அதிகம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டாள்.

மூச்சுச் சத்தம் அதிகம்.

இன்னும் அடக்கினாள். காது அடைத்தது. நெஞ்சு இடித்தது.

மூச்சுச் சத்தம் அதிகம்.

பிறகு எழுத்து மறைந்து முடிவு வந்தது.

கேட்பவர்கள்: இருவர்.
1. தொலைவு 2.1 மீட்டர்.
2. தொலைவு 2.1 மீட்டர்.

பயத்தை முந்திக்கொண்டு வந்தது எரிச்சல்தான். இங்கேயுமா? உட்கார்ந்த இடத்திலுமா பங்கு? இரண்டு வரிக்கும் பக்கத்தில் ‘நீக்கு’ என்று இருந்தது. மூத்தவள் ஒன்று, தான் இரண்டு. வந்த நாளிலிருந்து நாங்கள் எல்லோரும் அவளுக்குச் சொல்லாமல் சொன்ன கணக்கு. யோசிக்க என்ன இருக்கிறது?

ஒன்றாம் எண்ணை நீக்கினாள்.

விரலை எடுத்த பிறகுதான் தங்கச்சியின் குரல் ஞாபகம் வந்தது.

புதுசு மேல.

பழசு கீழ.

கேட்பவர்: ஒருவர்.

எழுந்திருக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. தங்கச்சியைக் கூப்பிடப் பார்த்தாள். போன் மடியில்தான் இருந்தது. கை அதன் பக்கம் போகவில்லை. வெயில் மெத்தையிலிருந்து இறங்கியது. தரையைத் தாண்டியது. சுவரில் செத்தது.

ஆறு மணி. பூட்டு திரும்பியது.

அவர் செருப்போடு உள்ளே வந்து மூன்றாம் பொத்தானை அழுத்தினார். இளையவள் வைத்த பாட்டு வரவில்லை. பழையதுதான் வந்தது. நாற்காலிக்கு நேராக. நாற்காலியில் இருந்தபடியே அவள் அதைச் சாத்திய கதவுக்கு வெளியிலிருந்து கேட்டாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் முகம் மலர்ந்தது. இவளிடம் ஒருநாளும் மலராத முகம்.

“கண்ணு.”

இந்தாம்மா என்று சொல்லுங்கள் என்று அவள் கத்தினாள். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. உதடு சிரித்துக்கொண்டிருந்தது.

கைப்பிடி நுனியில், தேய்ந்து வெளுத்த மூன்று இடத்திலும் மூன்று விரல் சரியாக விழுந்தது. எழுந்தது. விழுந்தது. தாளம் தப்பவே இல்லை.