மூன்றாவது வரிக்குப் பிறகு

முள்ளியவளைக்கு அப்பால், கிரவல் ஒழுங்கையின் முடிவில் இருந்த அந்தப் பழைய வீட்டுக்கு திலீபனும் தாட்சாயினியும் ஒரு ஞாயிறு மத்தியானம் சைக்கிளில் போய்ச் சேர்ந்தார்கள். துக்கம் விசாரிக்கப் போகவில்லை. கூடப் படித்த நிசாந்தினி இறந்து ஏழு மாதமாகியும் அதற்காக அந்த வீட்டுப் படலையைத் திறந்தவர்கள் அல்லர் அவர்கள். ஒரு கணக்கின் மிச்சம் வேண்டியிருந்தது.

உயர்தர இணைந்த கணிதத்துக்கு அவர்களது வகுப்பு ஒரு வட்சப் குழு வைத்திருந்தது. நாற்பத்தொரு பேர். சேர்ந்து படிக்கிறோம் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். படித்த இலட்சணம் இதுதான்: தாட்சாயினி விடையைப் படமெடுத்துப் போடுவாள், மற்றவர்கள் 'நன்றி' என்று எழுதிவிட்டுப் பார்த்தெழுதுவார்கள். தாட்சாயினியும் தன் மச்சாளின் பழைய கொப்பியைப் பார்த்துத்தான் எழுதினாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

கேள்வி கேட்டவள் நிசாந்தினி ஒருத்திதான். 'மூன்றாவது வரி எப்படி வந்தது?' என்று எழுதுவாள். பதில் தெரியாதவர்களுக்கே உரிய திமிரோடு மற்றவர்கள் சிரிப்புப் படங்கள் போட்டார்கள். சூத்திரத்தைப் பாடமாக்கினால் காணும் என்றாள் தாட்சாயினி. ஒருநாள், குழுவை நடத்திய திலீபன் நிசாந்தினியை நீக்கினான். கரைச்சலாம். அடுத்த கிழமை டெங்குக் காய்ச்சலில் அவள் இறந்தாள். அன்று முழுக் குழுவும் அவளுக்கு மெழுகுதிரி ஏற்றியது, கைபேசித் திரையில்.

முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்ததும் அவளது கைபேசி இலக்கம் குழுவுக்குள் திரும்பவும் இருந்தது. யார் சேர்த்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது மிகக் கடினமான கணக்குகளைச் செய்து அனுப்பியது. தம்பிக்காரனாயிருக்கும் என்றான் திலீபன். அவளுக்குத் தம்பி இல்லை என்பது தாட்சாயினிக்குத் தெரியும். இடப்பக்கம் சாய்ந்த அந்தக் கையெழுத்தும் தெரியும். ஆனால் விடைகள் சரியாயிருந்தன. வாயை மூடிக்கொண்டாள்.

பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கையில், ஒரு தொகையீட்டுக் கணக்கு மூன்றாவது வரியோடு நின்றுவிட்டது. எல்லோரும் 'மிச்சம்?', 'மிச்சம்?' என்று கேட்டுக் களைத்தார்கள். அதனால்தான் இந்தப் பயணம்.

நிசாந்தினியின் தாய் சிவலட்சுமி அவர்களைப் படிப்பு மேசையருகே இருத்தி, மூன்று கோப்பைகளில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"கூடப் படிக்கிற பிள்ளைங்க ஒருநாள் வருவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பா," என்றாள்.

திலீபன் கோப்பையைத் தொடவில்லை. "அவவின்ர போனை இப்ப ஆர் பாவிக்கினம், அம்மா?"

"போனா தம்பி? அதை அவ கையில வச்சுத்தான் புதைச்சோம். அதுலதானே கணக்குப் பார்த்துக்கிட்டு இருப்பா."

அறைக்குள் ஈரமண் வாசம் எழுந்தது. வெளியே இரண்டு மாதமாக மழையில்லை.

திலீபனின் கைபேசி அதிர்ந்தது.

அவளது இலக்கம்.

குழுவுக்கு வந்த படத்தில் இந்த மேசை. மூன்று கோப்பைகள். அவற்றின் ஆவி இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது. திலீபனின் கை, தாட்சாயினியின் குனிந்த தலை. படமெடுத்தவர் மேசைக்கும் சுவருக்கும் நடுவே இருந்திருக்க வேண்டும்.

அங்கே ஒரு கொப்பி நுழையுமளவுக்கே இடமிருந்தது.

படத்தின் கீழே ஒரு வரி: 'மிச்சத்தை நீங்களே செய்யுங்க.'

அதைப் பார்த்த குழுவில் ஒருவருக்கும் உடம்பு நடுங்கவில்லை. 'வடிவா விளங்கேல்லை, திருப்பிப் போடுங்கோ' என்றான் ஒருவன். 'விடை எங்க?' என்றாள் இன்னொருத்தி. பதினொரு பேர் அதற்குள் நன்றி சொல்லியிருந்தார்கள்.

திலீபன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். வீடு சேர்ந்ததும் அவன் செய்த முதல் வேலை, அந்த இலக்கம் இல்லாமல் ஒரு புதுக் குழு தொடங்கியது. முதல் செய்தியும் அவனுடையதுதான்: 'அந்தத் தொகையீடு ஆரிட்ட இருக்கு?'

தாட்சாயினி அதில் சேரவில்லை. ஒட்டுசுட்டானில் அவளது வீட்டில் யாருமில்லை. தாயும் தகப்பனும் வயலில். வெயில் சாயும் நேரம் மச்சாளின் கொப்பியை அலுமாரிக்குள் பூட்டிவிட்டு, அந்தத் தொகையீட்டைச் செய்ய வெறுந்தாளோடு உட்கார்ந்தாள். முதலாம் வரி. இரண்டாம் வரி. மூன்றாவதில் பென்சில் நின்றது.

பக்கத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

அவள் திரும்பவில்லை. அழித்தாள். எழுதினாள். திரும்பவும் அழித்தாள். பிழைக்கும்போதெல்லாம் அந்த மூச்சு நின்றது. சரியாகப் போகும்போது மெல்ல வெளியே வந்தது. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு, அந்த வரி எங்கிருந்து வருகிறது என்பது வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு விளங்கியது.

"இப்பிடித்தான் வந்தது," என்றாள், தாளைப் பார்த்தபடியே. "எனக்கும் தெரியாமத்தான் இருந்தது."

 பக்கத்தில் அந்த மூச்சு இப்போது இல்லை.

எழும்பி, பக்கத்துக் கதிரையைச் சுவரோடு தள்ளிவைக்கக் கையை ஊன்றினாள்.

இருக்கை சூடாக இருந்தது.