மூன்று முட்டைகளும் ஒரு நோட்டீசும்

திங்கட்கிழமை காலை, கடற்கரை நடைபாதை வாசலிலுள்ள மாரிச்செல்வத்தின் டீக்கடைக்கு விஜிலா வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. வாசல் பலகையில் புது நோட்டீஸ்: 'கூட்டை மிதித்த விஜிலா இனி நடைபாதைக்குள் வரக் கூடாது. இப்படிக்கு, நடைபாதைக் குழு.'

விஜிலா நாசரேத்துக்காரி, பள்ளி ஆசிரியை. நான்கு வருடமாகப் பங்குனி பிறந்தால் பிள்ளைகளைக் கூட்டிவந்து பறவை காட்டுகிறவள். பாதையோரம் ஓர் உப்புக்கொத்திக் குருவி தரையில் இட்டிருந்த மூன்று முட்டைகள் ஞாயிறு காலை நசுங்கிக் கிடந்தன. அதை முதலில் பார்த்துக் குழுவுக்குச் சொன்னவளும் அவள்தான். முதலில் பார்த்தவள் என்பதால் மிதித்தவளும் அவளே என்று குழு முடிவுகட்டிவிட்டது. அப்படியானால் தீயைப் பார்த்துக் கத்துகிறவன்தான் கொள்ளி வைத்தவனா என்று மாரிச்செல்வம் கொதித்தான். அதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது.

"காவல் இருந்தவளையே கள்ளின்னு எழுதிட்டாவ அக்கா. பிள்ளைங்க முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றாள் விஜிலா, பெஞ்சில் இருந்த பிலோமியிடம்.

பிலோமி துறைமுகத்தில் முப்பது வருடம் சரக்குச் சீட்டுகளைச் சரிபார்த்து ஓய்வுபெற்றவர். கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். தடை இருப்பதால் விஜிலா வாசலிலேயே நின்றாள்; மற்ற இருவரும் உள்ளே போனார்கள்.

கூட்டைச் சுற்றி ஈரமண்ணில் மூன்று பள்ளங்கள். இரண்டு வழவழப்பான வட்டம். மூன்றாவதற்கு மட்டும் விளிம்பு ரம்பப் பல்லாக இருந்தது. நண்டு வளை என்று மாரிச்செல்வம் தீர்ப்புச் சொன்னான்.

"நண்டு அளந்து முக்கோணம் போடாதுலே," என்றார் பிலோமி.

பலகையில் நோட்டீசுக்குக் கீழே, குழுச் செயலர் சிவப்பிரகாஷின் வாக்குமூலம். ஞாயிறு காலை ஆறரைக்குத் தான் வள்ளத்துறையில், மீன் ஏலத்தைச் சுற்றிய ஆலாப் பறவைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்ததாகவும், கூட்டுப் பக்கம் போனது விஜிலா மட்டுமே என்றும் எழுதியிருந்தார். சாட்சிக்குப் படம்: நனைந்த வள்ளம், குவிந்த சாளை மீன், மேலே ஆலாக் கூட்டம். பிலோமி இரண்டுமுறை படித்தார். அந்த ஆள் எந்த ஊர் என்று கேட்டார். ஆற்றங்கரை வயக்காட்டுப் பக்கம், இங்கே வந்து இரண்டு வருடம் என்றான் மாரிச்செல்வம். பிலோமி தலையாட்டியதோடு சரி. மிச்சத்தைச் சொல்லாததால் மாரிச்செல்வத்துக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

மாலை, விஜிலா நின்ற வாசலிலேயே குழு கூடியது. ஏழு பேர், ஏழு பேருமே கடலைக் கார் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவர்கள். பிலோமி கேட்டதும் சிவப்பிரகாஷ் தன் கேமரா முக்காலியைப் பெருமையாக ஈரமண்ணில் ஊன்றித் தூக்கிக் காட்டினார். இரண்டு வட்டம், ஒரு ரம்பப் பல்; கூட்டருகே கிடப்பதும் இதே தடம்தான் என்றார் பிலோமி. கழன்ற ரப்பருக்குப் பதில் சோடா மூடி ஒட்டியிருந்தது. அது தன் கடை மூடி என்பதில் மாரிச்செல்வத்துக்குத் தனி வருத்தம்.

"மூடி ஊர்ல ஆயிரம் கிடக்கும். அந்நேரம் நான் வள்ளத்துறையில இருந்தேன். படமே இருக்கு," என்றார் சிவப்பிரகாஷ்.

"படம் நெசம்தான் சார், கிழமைதான் பொய்," என்றார் பிலோமி. "ஞாயித்துக்கிழமை எங்க ஆளுக யாரும் தொழிலுக்குப் போவமாட்டாவ. எல்லாரும் மாதா கோயில்ல பூசைக்கு நிப்பாவ. வள்ளமும் நனையாது, ஏலமும் கிடையாது. அன்னைக்கு அங்கன ஒண்ணும் சிக்காதுன்னு ஆலாவுக்கே தெரியும். நீங்க வேற நாள் படத்தைக் காட்டுதீங்க. ஞாயிறு காலையில நீங்க நின்னது கூட்டுப் பக்கம்."

முட்டையைக் கிட்டத்தில் படமெடுத்துவிட்டு முக்காலியைத் தூக்கித் திரும்பும்போது தெரியாமல் மிதித்துவிட்டதாக, சிவப்பிரகாஷ் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"தெரியாம மிதிச்சீங்க," என்றாள் விஜிலா. "தெரிஞ்சுதானே என் பேரை எழுதுனீங்க."

குழுத் தலைவர் தொண்டையைச் செருமி, நோட்டீசை இரவோடிரவாக எடுத்துவிடலாம் என்றார்.

"ஊர் பாக்க ஒட்டுனீங்க. ஊர் பாக்கவே கிழிங்க," என்றாள் விஜிலா.

மாலை நடைக்கு வந்தவர்கள் சுற்றி நிற்க, சிவப்பிரகாஷ் நகத்தால் சுரண்டினார். ஒட்டியது நல்ல பசை. அரைமணி நேரம் பிடித்தது. கடைசித் துணுக்கும் உதிர்ந்த பிறகு விஜிலா வாசலைத் தாண்டி உள்ளே நடந்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிவப்பிரகாஷ் ஒரு டீ கேட்டார்.

"பால் தீந்துட்டு அண்ணாச்சி," என்றான் மாரிச்செல்வம்.

அவனுக்குப் பின்னால் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.