குடை வரைந்த முதுகு

இப்போது யாரிடமாவது அந்த ஊரடங்கைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "ஆமாமா, வீட்லயே ஆளுக்கு ஆள் முடி வெட்டிக்கிட்டோம்" என்று சிரிப்பார்கள். ஏதோ பள்ளிக்கூட லீவு மாதிரி. செத்தவர்களைப் பற்றி எவனும் வாய் திறப்பதில்லை. சாயங்காலமானால் மாடியில் நின்று எங்களுக்காகக் கை தட்டினார்களே, அந்தக் கைகளெல்லாம் இப்போது எங்கே போயின? தட்டிய அதே கையால்தான் கேட்டையும் பூட்டினார்கள். அதை என் கண்ணால் பார்த்தேன். மற்றதையெல்லாம் பார்த்தேனா என்று சத்தியம் செய்ய மாட்டேன். நடந்ததை நடந்த மாதிரி சொல்கிறேன். நம்புவது உங்கள் பாடு. நான் நம்பவில்லை.

ஆஸ்பத்திரியில் ட்ராலி தள்ளுவது என் வேலை. வயதானவர்கள் வரவேண்டாம் என்றார்கள்; அப்புறம் ஆள் பற்றாமல் போனதும் வா என்றார்கள். வார்டுக்குள் போகிற எல்லோருக்கும் தலை முதல் கால் வரை வெள்ளை பிளாஸ்டிக் உடுப்பு. போட்டுவிட்டால் பெரிய டாக்டரும் நானும் ஒன்றுதான். யார் யாரென்று தெரியவேண்டுமே என்று ஆளாளுக்கு முதுகில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டார்கள். எல்லாம் இங்கிலீஷில். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

ஒரு நர்ஸ் பெண் மட்டும் எழுதாமல் ஒரு குடை வரைந்துகொண்டது. கோணல் குடை, வளைந்த பிடி.

"என்னம்மா இது, மழையே காணோம்?" என்றேன்.

"உள்ள கொட்டுதே பெரியப்பா. இந்தச் சட்டைக்குள்ள வந்து பாருங்க, வெள்ளம்! அதோட, படிக்கத் தெரியாதவங்க எத்தனை பேர் படுத்திருக்காங்க? குடைன்னா கூப்பிட்டுருவாங்கல்ல?"

அப்படியே ஆயிற்று. வார்டு முழுக்க, 'குடை சிஸ்டர், குடை சிஸ்டர்' என்று அதைத்தான் கூப்பிட்டார்கள். அந்த நோய்க்கு ஆளைக் குப்புறப் போடவேண்டும். அப்போதுதான் மூச்சு கொஞ்சம் உள்ளே இறங்கும். ஒருவரைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேருக்கு எங்கே போவது? இந்தப் பெண் தனி ஆளாகப் புரட்டும். ஒரு கையைத் தோளுக்கு அடியில் கொடுத்து, நெஞ்சுக்குக் கீழே தலையணையைச் செருகி, கடைசியில் முதுகில் லேசாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போகும். தூங்கு என்கிற மாதிரி.

ஒருநாள் டியூட்டி முடிந்து இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். பஸ் கிடையாது. தெருவில் நாய்கூட இல்லை. அந்தப் பெண் குடியிருந்த வீட்டு வாசலுக்குப் போனால் கேட்டில் புதுப் பூட்டு. வீட்டுச் சொந்தக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. குழந்தைங்க இருக்கிற இடம். கொஞ்ச நாள் வேற எங்கயாவது தங்கிக்க."

"எங்க சார் போறது? எல்லாம் மூடிக் கிடக்கே."

 கயிற்றில் கட்டி அதன் துணிப் பையை இறக்கினார். பை தரையைத் தொட்ட நேரம், கை தட்டுகிற நேரமும் வந்துவிட்டது. தெரு முழுக்க ஜன்னல் திறந்தது. வீட்டுக்காரரும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் தட்டினார்.

"நமக்குத்தான் பெரியப்பா தட்றாங்க, ஒரு கும்பிடு போடுங்க" என்று அந்தப் பெண் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரித் துணி அறையில், அழுக்குப் போர்வைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டது.

வார்டில் ஜன்னலோரம் ஒரு படுக்கை காலியாகவே இருக்கும். மற்ற படுக்கைக்கெல்லாம் சிலிண்டர், தீர்ந்தால் ஓடவேண்டும். அந்த ஒன்றுக்கு மட்டும் சுவரிலிருந்தே குழாய், நிற்காமல் காற்று வரும். மேலிடத்து ஆட்கள் யாருக்காவது வந்தால் வேண்டும் என்று நிர்வாகி ஒருவர் அதைப் பிடித்து வைத்திருந்தார். நோய்க்கு நடுவிலும் கோட்டைக் கழற்றாத மனிதர் என்பதால் அவருக்குக் 'கோட்டு' என்றுதான் பெயர்.

குடை சிஸ்டருக்கே நோய் வந்தது. மூச்சு வாங்க வாங்கக் கோட்டிடம் போய் நின்றது. "அந்த ஜன்னல் படுக்கை சும்மாதான சார் கிடக்கு..."

"போன் வந்திருக்கும்மா. ஆள் வர்றாங்க. நீ அந்தச் சேர்ல உக்காரு, வேற பாத்துத் தரேன்."

லிஃப்டுக்குப் பக்கத்தில், கை உடைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்தது. மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, தலை சாய்ந்து, அப்படியே போய்விட்டது. மேலிடத்து ஆள் அன்றைக்கு வரவே இல்லை. அந்தப் பெண்ணின் உடுப்பைக்கூடக் கழற்றாமல்தான் பிணப்பையில் சுற்றினார்கள். ட்ராலியைத் தள்ளினது நான். பை மூடுகிறவரை அந்தக் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் என் வீட்டுக்காரிக்கு வந்தது.

அதே வார்டு. வாசலோரப் படுக்கை, சிலிண்டர் காற்று. எனக்குக் கீழ்த்தளத்தில் வேலை போட்டுவிட்டார்கள். யாரையாவது ஏற்றிக்கொண்டு போனால்தான் மேலே எட்டிப் பார்க்க முடியும். அவளைப் புரட்ட யார் இருக்கிறார்கள்? அதே நினைப்பாக மேலும் கீழும் போய்வந்தேன்.

ஒரு மத்தியானம் போனேன். வெளியே நெருப்பு வெயில். உள்ளே ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத்தாள் ஒட்டியிருந்ததால் சாயங்காலம் போல இருட்டு. பேச்சுச் சத்தம் இல்லை. காற்றுப் போகிற பாட்டில்களில் தண்ணீர் குமிழியிடும் சத்தம் மட்டும், ஒவ்வொரு தலைமாட்டிலும், கொப்... கொப்... கொப்.

அவள் குப்புறப் படுத்திருந்தாள். நெஞ்சுக்குக் கீழே தலையணை கச்சிதமாக இருந்தது. உயிர் வந்தது எனக்கு.

"யாரு புரட்டிவிட்டா?"

"ஒரு பொண்ணுங்க... முதுகுல குடை போட்டிருக்குமே, அது" என்றாள் மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "தட்டிக்கூடக் கொடுத்துச்சு."

காய்ச்சலில் ஆயிரம் தோன்றும். நான்தான் வீட்டில் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லியிருப்பேன். சரி என்று திரும்பினேன். எதிரே இன்னொரு நர்ஸ், முட்டைக்கண்ணு என்போம் அதை. கண்ணாடிக்குள் கண் இன்னும் பெரிதாக இருந்தது.

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க பெரியவரே" என்று கிசுகிசுத்தது. "நாங்க யாரும் புரட்டல."

"அப்ப ஏதோ ஒரு டாக்டரம்மா குடை வரைஞ்சுக்கிட்டுச் சுத்துது. உனக்கென்ன?"

"அந்த ஜன்னல் படுக்கையப் பாருங்க. இப்பத்தான் விரிச்சேன்."

பார்த்தேன். வெள்ளை விரிப்பு. நடுவில் ஒரு பள்ளம். முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்தால் விழுகிற பள்ளம். கிட்டே போனதும் ஈரப் பிளாஸ்டிக்கும் வியர்வையும் கலந்த வாடை. நாள் முழுக்க அந்த உடுப்பில் கிடந்தவர்களுக்குத்தான் அந்த வாடை தெரியும்.

விரிப்பில் கை வைத்தேன்.

சூடாக இருந்தது.

பழைய மெத்தை, வெயில் சுவர். வேறென்ன இருக்கப் போகிறது என்று கீழே இறங்கிவிட்டேன்.

மறுநாள் மேலிடத்து ஆள் நிஜமாகவே வந்தார். யாரோ பெரிய புள்ளியுடைய மாமனார். நடக்க மாட்டார், நானும் இன்னொருவனும் தூக்கித்தான் ஜன்னல் படுக்கையில் போட்டோம். பாவம், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. போன் போட்டவன் மேல்தான். படுத்ததுமே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இதுல ஆள் இருக்கே."

"யாரும் இல்லைங்க ஐயா."

"இருக்குப்பா. தள்ளுது."

முட்டைக்கண்ணு மருந்து எடுக்க அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பியது. அதற்குள் படுக்கையில் ஆள் இல்லை.

தேடினோம். கட்டிலுக்கடியில், கழிப்பறையில்.

வெளியே லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்தார். கை உடைந்த நாற்காலியில். மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, தலை சாய்ந்து.

மூச்சு இல்லை.

நடக்கவே முடியாத மனிதர். தூக்கிப் போட்டவன் நான், எனக்குத் தெரியும்.

கோட்டு அன்றைக்குத்தான் கோட்டைக் கழற்றினார். அதன் பிறகு அந்தப் படுக்கைக்குப் போக ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. மூச்சுக்குத் தவிக்கிறவர்கள்கூட வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள். இந்த நிலைமையில் என் வீட்டுக்காரியின் விரலில் மாட்டியிருந்த, மூச்சுக்காற்றின் அளவு காட்டுகிற கிளிப்பில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. சிலிண்டர் லாரி வழியில் நிற்கிறது என்றார்கள். கோட்டு என்னைக் கூப்பிட்டார்.

"யோவ் பெரியவரே, ஜன்னல் படுக்கை காலிதான். உன் சம்சாரத்த மாத்திக்கிறியா?"

கேட்டபோது கிடைக்காமல் மூச்சு முட்டிச் செத்தாள் ஒருத்தி. இப்போது ஓசியில் கிடைக்கிறது. என் வாயில் வந்ததை இங்கே சொல்ல முடியாது. ஆனால் என் பெண்டாட்டி அங்கே மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள். சரி என்றேன்.

கட்டில் கிட்டே கொண்டு போனதும் அவள் என் கையை இறுக்கினாள். "வேண்டாங்க. அது அந்தப் பொண்ணோட இடம்."

"சும்மா இரு. பேயாவது பிசாசாவது."

சொல்லிவிட்டேன். ஆனால் பள்ளம் அப்படியே இருந்தது. புதிதாக விரித்த விரிப்பில். முழங்கால் மடக்கின பள்ளம். பின்னால் கிளிப் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. சுற்றிலும் பாட்டில்களில் குமிழிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்குகிற மாதிரி இருந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிற மாதிரி.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. எப்போதுமே இருந்ததில்லை.

குனிந்தேன்.

"அம்மாடி" என்றேன், யாருக்கும் கேட்காமல். "எழுந்திரிக்க வேண்டாம். கொஞ்சம் நகந்து மட்டும் படும்மா."

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, சரசரவென்று பிளாஸ்டிக் உரசுகிற சத்தம்.

பள்ளத்தில் பாதி மெல்ல மேலே எழும்பியது. சுவரோரப் பாதி அப்படியே பதிந்து இருந்தது.

எழும்பின பாதியில் அவளைப் படுக்கவைத்தேன். குப்புற. சுவர்க் குழாயைத் திறந்ததும் பாட்டிலில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி பொங்கியது. கத்துவதைக் கிளிப் நிறுத்தியது. திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன். பின்னால், யாருடைய முதுகிலோ லேசாக இரண்டு தட்டு.

முட்டைக்கண்ணு தட்டியிருக்கும். அது வாசலில், எனக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்புகிற நாளில் நான் அவளைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். அங்கே புதிதாக ஒரு காவல்காரன். எதுவும் தெரியாதவன். வெளியே போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

"பெரியவரே, பின்னால வர்ற சிஸ்டரை அந்த டிரெஸ்ஸக் கழட்டிட்டுப் போகச் சொல்லுங்க. ரோட்டுக்கு அதோட போகக் கூடாது."

நான் திரும்பவில்லை. என் வீட்டுக்காரி திரும்பினாள்.  கையைப் பின்னால் நீட்டி, யாரையோ வா என்கிற மாதிரி ஆட்டினாள்.

நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவன். கண்ணு பூத்திருக்கும்.

எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. எதிர்வீட்டுக்காரன் தன் கேட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டான். அவனும் நன்றாகக் கை தட்டினவன்தான்.

எங்கள் கதவைத் திறந்தேன். அவள் உள்ளே போனாள். நான் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். பூட்டிக் கிடந்த வீடு. காற்று வரட்டும் என்றுதான். வேறொன்றுமில்லை.

சரசரவென்று ஏதோ என் கையை உரசிக்கொண்டு உள்ளே போயிற்று.

காகிதமாக இருக்கும். குனிந்து பார்க்கவில்லை. கதவைச் சாத்தாமல் விட்டுவிட்டு, வெறுந்தெருவில் கடை ஏதாவது திறந்திருக்கிறதா என்று பார்க்க நடந்தேன். பேயாம், பிசாசாம். எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை.