நாலு டிகிரி முன்னால்

மழைக்கு இங்கிதம் என்று ஒன்று கிடையவே கிடையாது. லேத் பட்டறையில் சிலிண்டர் கடைந்து முடித்த இஞ்சின் பிளாக்கைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தெருவில் பாதி தூரம் அவள் வந்த பிறகுதான் அது கொட்ட ஆரம்பித்தது. புதிதாகக் கடைந்த இரும்பு... ஈரம் பட்டால் துரு ஏறிவிடும். போட்டிருந்த மேல்கோட்டைக் கழற்றி பிளாக்குக்குப் போர்த்திவிட்டு, தான் தொப்பலாக நனைந்தபடி ஓட்டமும் நடையுமாகத் தன் அப்பாவின் மெக்கானிக் கடைக்கு வந்து சேர்ந்தாள்.

வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கார் நின்றது.

காரா அது? கூரை இல்லை, கதவு இல்லை, அவள் இடுப்பு உயரம்கூட இல்லை. பக்கத்தில் ஒருவன் குடை பிடித்துக்கொண்டு நின்றான். குடை காருக்கு. அவன் மழையில்.

"வண்டியை எடுங்க சார். நான் உள்ள போகணும்."

"ஒரே நிமிஷம்ங்க... நின்னு போச்சு. மழை விட்டதும்..."

"மழை விடற வரைக்கும் என் பிளாக்கு துருப்பிடிக்கணுமா?"

"என் வண்டியும் நனையுதே."

"அதுக்குக் கூரை வைக்காதது என் தப்பா?"

அவன் திரும்பினான். இமையில் மழைத்துளி தொங்கிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து இரண்டு கண்கள்... திட்டு வாங்கிக்கொண்டே சிரிக்கிற கண்கள். அவளுக்கு அடுத்துச் சொல்ல வேண்டியது மறந்துபோனது. அவளுக்கு அப்படி அடிக்கடி மறக்காது.

"கூரை பதினாலு கிலோங்க..." என்றான், ஏதோ குடும்பக் கஷ்டத்தைச் சொல்பவனைப் போல.

அப்புறம் என்ன, காரைக் கடைக்குள் தள்ளினால்தான் அவள் உள்ளே போக முடியும். தள்ளினார்கள். சைக்கிளைத் தள்ளுவது போல அத்தனை லேசாக உருண்டது. கிட்டத்தில் பார்த்தால் பெடல், பிராக்கெட், கண்ணாடியைத் தாங்கும் கம்பி என்று எங்கே பார்த்தாலும் வரிசை வரிசையாக ஓட்டை.

"என்னங்க இது, கரையான் அரிச்சா மாதிரி?"

"எடையைக் குறைக்கத்தான். நானே போட்டேன். தொழில் அப்படி... பல் டாக்டர்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நனைந்த வயர்களைத் துடைத்து மாட்டி, இஞ்சினைக் கிளப்பினாள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் அந்த மூடிய கண்களைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டான்.

"உடம்பு லேசு. ஆனா மூச்சு பத்தலை," என்றாள்.

"அதேதாங்க. ரேஸ் டிராக்குல வளைவு வந்தா எல்லாரையும் பிடிச்சிடறேன். நேர் ரோடு வந்ததும் எல்லாரும் டாட்டா காட்டிட்டுப் போயிடறாங்க. பலம் ஏத்தித் தர முடியுமா? ஒரே ஒரு கண்டிஷன்... ஒரு கிலோகூடக் கூடக்கூடாது."

உள்ளேயிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். முழங்கால் தேய்ந்துபோனதிலிருந்து அவர் அதிகம் நிற்பதில்லை, அதிகம் பேசுவதுமில்லை. பெரியப்பா மகன், அதாவது அவளுடைய அண்ணன் முறை, பக்கத்துக் கடையில் டயர் விற்கிறான். கடைக்குள் இஞ்சின்களைப் பிரித்து மாட்டும் இஞ்சின் ரூமைத் தனக்குக் கொடுத்தால் டயர் அடுக்கிக்கொள்வேன் என்று ஒரு வருடமாக அப்பாவின் காதைத் தின்றுகொண்டிருந்தான். அப்பா அந்தக் குட்டிக் காரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீயே தனியா பண்ணு. நான் தொடமாட்டேன். தேறிச்சுன்னா இஞ்சின் ரூம் உன்னுது. இல்லைன்னா உன் அண்ணன் டயரை அடுக்கிக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். பன்னிரண்டு வயதில் முதல் ஸ்பேனர் பிடித்த அறை அது. அவளுக்குத் தெரிந்த உலகமே அந்த அறைதான்.

வேலை ஆரம்பித்தது. கிளினிக் முடிந்த மாலைகளில் பல் டாக்டர் தவறாமல் வந்தான். உதவி செய்ய என்று பெயர்... பாதி நேரம் தகராறுதான். அவள் கனமான கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, வேண்டும் என்பாள், அவன் லேசானது என்பான். கிராங்க் முனையில் சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தை அவன் கையில் எடுத்தாலே அவள் டிரில்லிங் மிஷினை ஒளித்து வைப்பாள்.

"இதுல ஓட்டை போட்டீங்க, நாளைக்கு அது வெடிச்சு உங்க காலை எடுத்துடும்."

"ஒரு கால் போனா ஒன்பது கிலோ மிச்சம்ங்க."

"பேச்சைக் குறைச்சா இன்னும் மிச்சமாகும்."

புதுப் பிஸ்டன்கள் வந்தன, வால்வைக் கொஞ்சம் அதிகம் திறக்கும் கேம் அவன் வேண்டாம் வேண்டாம் என்றும் வந்தது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி மூச்சுக்குழல் வந்தது. நாலு பிஸ்டனையும் கிராம் சுத்தமாக ஒரே எடைக்கு அவன் சீவிக் கொடுத்தான். அந்த விரல்கள்... ஒரு நடுக்கம் இல்லை, ஒரு அவசரம் இல்லை. இந்தக் கை யாருடைய வாயில் போனாலும் வலிக்காது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசி வேலை, கேம் சக்கரங்களைச் சரியான இடத்தில் வைத்து இறுக்குவது. வால்வுகள் எப்போது திறக்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும். அவள் கீழே கிராங்கைப் பிடித்துக்கொண்டாள், அவன் மேலே சக்கரத்தில் இருந்தான்.

"இன்டேக் கேம் நாலு டிகிரி முன்னால."

"நாலு... வச்சாச்சு."

இறுக்கினாள். இறுக்கிய பிறகு ஒரு தடவை அளந்து பார்க்க வேண்டும், அது அவள் வழக்கம். அன்றைக்கு அவள் பார்த்தது சக்கரத்தைப் பிடித்திருந்த கையை. சக்கரத்தில் டிகிரிக்கு ஒன்றாகப் போட்டிருந்த கோட்டைப் பார்க்கவே இல்லை.

மறுநாள், உருளைகள் மேல் சக்கரங்களைச் சுழலவிட்டுப் பலம் அளக்கும் டைனோவில் காரை ஏற்றினார்கள். அப்பா வந்தார், அழைக்காமலே அண்ணனும் வந்தான். நூற்றுப் பத்து குதிரைத்திறனாக இருந்த பழைய இஞ்சினை நூற்று அறுபதுக்குக் கொண்டுபோவதாக அவள் சொல்லியிருந்தாள். இஞ்சின் கர்ஜித்துக் கிளம்பியது, ஆசை காட்டியது... உச்சத்துக்குப் போகும்போது மூச்சு முட்டியதுபோல் படுத்துவிட்டது. நூற்று இருபத்தி நாலு.

அண்ணன் அங்கேயே அப்பாவிடம், "சித்தப்பா, ரூமோட அகலம் எவ்வளவு?" என்று கேட்டான்.

"கேம் தப்பான கேம்ங்க," என்றான் பல் டாக்டர். "நான் அப்பவே சொன்னேன்."

எல்லார் முன்னாலும் சொன்னான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. "கேம் சரியாத்தான் இருக்கு. ஒழுங்கா வேலை பண்ணிட்டிருந்த எடத்துல நீங்க வந்து கை வச்சீங்க பாருங்க, அதான் தப்பு."

"நான் நீங்க சொன்னதைத்தான் வச்சேன்."

"அப்ப என்னை நம்பாதீங்க. உங்க வண்டியைத் தூக்கிட்டுப் போங்க."

வேறு எந்தக் காரைப் பற்றிச் சொல்லியிருந்தாலும் அது வெறும் பேச்சு. இதை நிஜமாகவே தூக்கிக்கொண்டு போகலாம். அவன் முகம் சுண்டிப்போயிற்று. காரில் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். சிரிக்காத அந்தக் கண்களை அவள் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

ஒரு வாரம் அவன் வரவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். உள்ளபடியே கடித்துக்கொண்டுதான் இருந்தாள், தூக்கத்தில்கூட. விளைவு, ஒரு காலை எழுந்தபோது கடைவாய்ப் பல் ஒன்று பிளந்திருந்தது, கன்னம் உப்பியிருந்தது.

"பல் டாக்டர்கிட்ட போ," என்றார் அப்பா.

"வேற டாக்டர் இல்லையா?"

"இருக்காங்க. ஆனா நீ எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்?" என்று அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அப்பாக்களுக்குச் சுவரைப் பார்த்தாலே எல்லாம் தெரிந்துவிடும் போலிருக்கிறது.

கிளினிக்கில் அவளைப் பார்த்ததும் அவன் ஒரு நொடி அப்படியே நின்றான். பிறகு மாஸ்க்கை ஏற்றிக்கொண்டான். மிச்சம் தெரிந்தது கண்கள் மட்டும். அதுதானே அவளுக்குப் பிரச்சினையே.

"வாயைத் திறங்க... இன்னும் கொஞ்சம். வலிச்சா கையைத் தூக்குங்க." எட்டிப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்த நர்ஸிடம், "கீழ் வலது, ஆறாவது," என்றான். ஆனால் அவன் கருவி நீண்டது அவனுடைய இடது பக்கமாக.

நர்ஸ் வேலைக்குப் புதுசு. "வலதா டாக்டர்? இடதா?"

"எப்பவும் படுத்திருக்கிறவங்களோட வலதும்மா. நம்ம வலது இல்ல. யாரோட வலதுன்னு தெரியாம கை வச்சா நல்ல பல்லைப் பிடுங்கிடுவோம்."

யாரோட வலது... அவள் கண் அகல விரிந்தது. யாரோட நாலு? எந்தச் சக்கரத்தோட நாலு?

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று சுற்றும். அவள் வீட்டில் டிகிரி என்றாலே கிராங்கில்தான். அப்பா அப்படித்தான் சொல்வார், அவளும் அப்படித்தான். கிராங்கில் நாலு என்றால் கேம் சக்கரத்தில் இரண்டே கோடு. அவன் கேம் சக்கரத்தில் நாலு கோடு தள்ளிவிட்டான். நாலு சொன்னால் எட்டு ஆகியிருக்கிறது. படுக்காமல் என்ன செய்யும் இஞ்சின்?

"ஆலு இகிரி," என்றாள் வாய் நிறையப் பஞ்சோடு.

"பேசாதீங்க."

"ஏம் சக்கர்ல எண்டு ஓடு!"

"வலிக்குதா? கையைத் தூக்குங்கன்னு சொன்னேனே..."

அவள் கையைத் தூக்கினாள். காற்றில் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள், மேலே பெரியதாக இன்னொரு வட்டம், பக்கத்தில் இரண்டு விரல். அவன் குழம்பிப்போய்ப் பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான்... மாஸ்க்குக்கு மேலே அந்தக் கண்கள் மெல்ல மெல்ல விரிந்தன.

"கிராங்க் டிகிரியா சொன்னீங்க?"

அவள் தலையாட்டினாள். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. பல்வலியாகவும் இருக்கலாம்.

"ஐயோ... நான் கேட்டிருக்கணும்ங்க."

பஞ்சை எடுத்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "இல்ல. நான் அளந்து பார்த்திருக்கணும். தப்பு என்னுது. அன்னைக்கு நாலு பேர் முன்னால அப்படிச் சொன்னதும் தப்புதான்."

"நான் பண்ணது மட்டும் என்ன வாழ்ந்துச்சாம்? கேம் தப்புன்னு முதல்ல வாயை விட்டது நான்தானே," என்றான். "மறுநாளே வந்திருப்பேன். என்ன முகத்தை வச்சுக்கிட்டு வரதுன்னு தெரியலை."

அன்று சாயங்காலமே, பாதி மரத்துப்போன வாயோடு அவள் கேம் சக்கரத்தைத் தளர்த்தினாள். இரண்டு கோடு பின்னால் நகர்த்தினாள். இறுக்கினாள். இந்தத் தடவை அளந்தாள், மறுபடியும் அளந்தாள், அவனையும் அளக்கச் சொன்னாள். டைனோவில் ஏற்றியபோது இஞ்சின் உச்சத்தில் படுக்கவில்லை, பாடியது. நூற்று அறுபத்தி மூன்று. கூட ஏறிய எடை ஒன்றுமில்லை. அப்பா எண்ணைப் பார்த்தார், காதைத் தடவிக்கொண்டார். "டிராக்குல பார்க்கலாம்," என்றார். ஒரே ஓட்டத்தில் மயங்குகிற ஆள் இல்லை அவர்.

டிராக் நாளில் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. பெரிய பெரிய இஞ்சின் வைத்த கார்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவில் இந்தக் குட்டிக் கார் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது. சிலர் சிரித்தார்கள்.

அவன் கிளம்பினான். அவள் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்டாள். முதல் வளைவு... இரண்டாவது... இனி நேர் ரோடு. எப்போதும் எல்லாரும் அவனுக்கு டாட்டா காட்டுகிற இடம். இஞ்சின் ஏறியது, இன்னும் ஏறியது, எங்கே படுக்குமோ என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்ட இடத்தையும் தாண்டி ஏறியது. முன்னால் போன பெரிய கார் கிட்டே வந்தது, பக்கத்தில் வந்தது, பின்னால் போயிற்று. சிரித்தவர்கள் எழுந்து நின்றார்கள். என் இஞ்சின்... இது என் இஞ்சின்...

அன்றைக்கு அவன் சுற்றி முடித்த நேரத்தை வேறு யாராலும் தொட முடியவில்லை.

அவன் வந்து நிறுத்தியதும் கூட்டம் மொய்த்தது. ஒரு பெரிய காரின் சொந்தக்காரர் நேரே அப்பாவிடம் வந்தார். "இஞ்சின் யாருங்க பண்ணது? நீங்களா?"

"நான் தொடவே இல்லைங்க," என்றார் அப்பா. "என் பொண்ணு பண்ணது. இஞ்சின் ரூம் அவளோடது. அவகிட்டயே பேசுங்க."

அண்ணன் தூரத்தில் நின்று தன் டயர் நன்றாக ஓடியதாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லிக்கொள்ளட்டும். அவளுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் பல் டாக்டர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் வந்தான். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"இந்த வண்டியில எனக்கு மட்டும்தான் இடம். இன்னொரு சீட்டு போடலாம்னு இருக்கேன்."

"பெல்ட்டு, தாங்கு கம்பி எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னெண்டு கிலோ ஏறும்."

"ஏறட்டும்."

"அதுல ஆள் உட்கார்ந்தா இன்னும் ஐம்பத்தஞ்சு கிலோ."

"தெரியும். அதைத் தாங்கத்தானே இவ்வளவு பலம் ஏத்திக் குடுத்திருக்கீங்க." நேராக அவளைப் பார்த்தான். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கறேன். சுத்தி வளைச்சுக் கேக்கத் தெரியலை."

அவன் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"முதல்ல நான் ஒரு சுத்து போயிட்டு வரேன்."

"பதில்?"

"வந்து சொல்றேன்."

கார் அவளை ஏற்றிக்கொண்டு பறந்தது. தான் பிறப்பித்த சத்தம் முதுகுக்குப் பின்னால் முழங்க, நேர் ரோட்டில் அவள் பெடலை அடிவரை மிதித்தாள். காற்று உடம்பெல்லாம் அறைந்தது. பிடிச்சிருக்கு, எனக்கும் பிடிச்சிருக்கு என்று ஹெல்மெட்டுக்குள் கத்தினாள். அந்தச் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. பரவாயில்லை, இன்னொரு தடவை கத்தினாள். கடைசி வளைவு வரைக்கும் கத்திக்கொண்டே வந்தாள்.

தடுப்புச் சுவர் ஓரத்தில் அவன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தான். பக்கத்தில் அப்பா, இல்லாத ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காரை நிறுத்தினாள். இஞ்சினை அணைத்தாள். திடீரென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் சிவந்து, கண்ணில் நீர் கோத்து, வாய் கொள்ளாத சிரிப்பு.

"சரி," என்றாள். "எனக்குச் சம்மதம்."