தகட்டின் மேல் ஏதோ இருக்கிறது

வண்டி எதுவும் நிற்கவில்லை. ஆனாலும் தகடு சூடாக இருந்தது.

வாரம் முழுக்க விடாமல் கொட்டிய மழை அன்று பிற்பகல்தான் ஓய்ந்து, நெல்லியாளம் மலை முழுவதையும் மூடுபனி விழுங்கியிருந்தது. சிமெண்டுத் தரை எங்கும் ஈரம் சொதசொதத்தது. கறுப்புத் தகடு மட்டும் காய்ந்து கிடந்தது. கூட்டுவதற்காக ரேணுகா வெறுங்காலோடு அதன் மேல் ஏறியதும் விரலிலிருந்த மெட்டிகள் கதகதவென்று சூடேறின. பக்கத்துக் கம்பத்தில் இருந்த சின்னத் திரையில் சிவப்பு எழுத்து மின்னிக்கொண்டிருந்தது: தகட்டின் மேல் உலோகப் பொருள் உள்ளது. அகற்றவும்.

தகட்டின் மேல் ஒரு குண்டூசி கூட இல்லை.

தேயிலை விலை படுத்ததும் ஆலையைப் பூட்டினார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று முதலாளி பங்களாவை ரிசார்ட் ஆக்கினார். நாடுகாணிப் பக்கமிருந்து மேலேறி வரும் மின்சாரக் கார்களுக்காக இந்த இடத்தில் சார்ஜ் போடும் நிலையம் வைத்தார். மற்ற கம்பங்களில் ஒயர் தொங்கும். பெட்ரோல் குழாயைச் செருகுவது போல வண்டியில் செருக வேண்டும். இந்தத் தகட்டுக்கு ஒயரே வேண்டாம். வண்டியை மேலே கொண்டுவந்து நிறுத்தினால் போதும், சார்ஜ் தரையிலிருந்து தானாக ஏறும். நடுவில் ஒரு காசோ பாக்குப் பொட்டலத்தின் ஜரிகைத் தாளோ கிடந்தால் அது கொதித்துப் போகும் என்று தகடு தானே நின்றுகொள்ளும். அதைத் துடைத்து வைப்பதுதான் ரேணுகாவின் வேலை.

அது எந்த இடம் என்று தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் கேட்டுப் பாருங்கள், பச்சைப் பிள்ளை கூடச் சொல்லும். சிலோனிலிருந்து கப்பலேறி வந்த நாள் முதல் அவர்கள் தங்கள் சனத்தைப் புதைத்த மண் அது. ரேணுகாவின் அக்கா போன மழைக்கு சவுக்குக் கிளை முறிந்து தலையில் விழுந்து செத்துப் போனாள். சுமங்கலியாகப் போனவள் காலிலிருந்து மெட்டியைக் கழற்ற மாட்டார்கள். அவளையும் அப்படியேதான் புதைத்தார்கள். ஆலையைத் திறக்கச் சொல்லி எல்லோரும் பந்தலூருக்குக் கொடி பிடிக்கப் போயிருந்த அன்று புல்டோசர் வந்தது. திரும்பி வந்து பார்த்தால் மொட்டைத் தரை. எலும்புகளை மரியாதையாக மேட்டுப் பக்கம் மாற்றிவிட்டோம் என்றான் மேனேஜர் தரணிதரன். எந்த மேடு என்று இன்றுவரை காட்டவில்லை. அக்கா இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, எடுத்து ஒழுங்காக ஓரிடத்தில் வைக்க வேண்டும், அதற்காகத்தான் ரேணுகா இந்தத் துடைப்பத்தைக் கையில் எடுத்தாள்.

நேற்றுத் தகட்டின் மேல் ஒரு மெட்டி கிடந்தது. கறுத்து, உள்ளே மண் அடைத்து, அந்தக் காலத்துக் கனத்தோடு. காலையில் ஒரு ஜோடி. இப்போது கூட்டி முடித்துத் திரும்பினால், துடைத்த தகட்டின் நடுவில் இன்னொன்று.

குனிந்து எடுத்தாள். சுட்டது. பூப்போட்ட மெட்டி, ஓர் இதழ் உடைந்தது. கூடலூர்ச் சந்தையில் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். பயம் அப்புறம் வந்தது. முதலில் ஆத்திரம்தான். மேடாம், மரியாதையாம், பாவி.

முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் கார் வந்து நின்றது.

"ஏனுங்க ரேணுகா, மறுபடியும் செவப்பு காட்டுதுங்களே. கூட்டறதில்லீங்களா?" கண்ணாடியை இறக்கிக் கேட்டான் தரணிதரன்.

"கூட்டிட்டேன் சார். இது கெடந்துச்சு." உள்ளங்கையை நீட்டினாள். "எங்கக்கா மெட்டி. மேட்டுல வச்சோம்னு சொன்னீங்களே, இது எப்படி இங்க வந்துச்சு?"

"பழைய தகரமுங்க அது. மழைக்கு மேல வந்திருக்கும்."

"வச்ச எடத்தக் காட்டுங்க சார்."

"காட்டறனுங்க. சீசன் முடியட்டும்." இரண்டு விரலால் மெட்டியை எடுத்துத் தேயிலைச் செடிக்குள் எறிந்தான். "மொதலாளி விருந்தாளிங்களோட வர்றாரு. எடம் சுத்தமா இருக்கோணுமுங்க."

உதட்டில் தேன், உள்ளத்தில் நஞ்சு. துடைப்பத்தாலேயே சாத்தலாம் போல இருந்தது. லயத்து வீட்டில் இருக்கும் பிள்ளைகளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவன் காரைத் தகட்டின் மேல் ஏற்றி நிறுத்தி, கண்ணாடியை மூடி, போனை எடுத்துக்கொண்டான். திரையில் சிவப்பு எழுத்து அழியவில்லை. அப்படியானால் தகடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. எழுத்துக்குக் கீழே சார்ஜ் எண் ஏற ஆரம்பித்தது. தரைக்குள்ளிருந்து ஒரு முனகல் எழுந்து அவள் குதிகால் வழியே முழங்கால்வரை ஏறியது.

அவள் கால் மெட்டிகள் சுட்டன. கம்பத்தடிக்கு விலகிப் போனாள். அங்கேயும் சுட்டன. கல்யாணத்தன்று போட்டது, ஒருநாளும் கழற்றியதில்லை. உட்கார்ந்து, பிடித்து இழுத்து, தோல் வழன்று வரக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ணங்.

தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து. கல்லில் மெட்டி படும் சத்தம். ஒன்று. பிறகு பல. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் பெண்கள் சேர்ந்து நடந்து போவார்களே, அந்த நடை. ஆலை பூட்டிய பிறகு பெரட்டுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை.

மூடுபனி முழங்கால் உயரம்வரை இறங்கி நின்றது. அதற்குக் கீழே மட்டும் தெளிவு.

பாதங்கள்.

வெடித்த குதிகால்கள். அட்டை கடித்த தழும்புகள். மண் அப்பிய விரல்கள். காரைச் சுற்றி வரிசையாக. எல்லாம் காரைப் பார்த்து.

கண்ணாடியைத் தட்டும் சத்தம் வந்தது.

"ரேணுகா, கதவு தொறக்கலீங்க. உள்ள அனலா இருக்குது. அந்தப் பட்டனை அமுக்குங்க."

சிவப்புப் பொத்தான் அவள் தோளருகே இருந்தது. அமுக்கினால் எல்லாம் நின்றுவிடும். கையை அதன் மேல் வைத்தாள். அமுக்கவில்லை.

"எங்கக்காவ எங்க வச்சீங்க சார்?"

"மொதல்ல அமுக்குங்க, சொல்றன்."

"எங்க?"

கண்ணாடிக்குள் ஆவி படர்ந்தது. அவன் முகம் தெரியவில்லை.

"இதுக்கு அடியிலதான். பள்ளத்தை ரொப்பறதுக்கு எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிப் போட்டு கான்கிரீட் ஊத்திட்டோம். அமுக்குடி."

எல்லாத்தையும் ஒண்ணா. அக்காவை இனி யாரிடமிருந்தும் பிரித்து எடுக்க முடியாது. அக்காவைத்தான் ரேணுகா துடைப்பத்தால் தினமும் கூட்டியிருக்கிறாள். அவள் மேல் ஏறி நின்று கூட்டியிருக்கிறாள்.

ரேணுகா பொத்தானிலிருந்து கையை எடுத்தாள்.

தட்டும் சத்தம் வேகமானது. பிறகு குறைந்தது. ஆவி படர்ந்த கண்ணாடியில் ஓர் உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. மெல்லக் கீழே வழிந்தது. இலை வறுபடும் வாசனை வந்தது, ஆலை ஓடிய நாளில் வருமே, அதே வாசனை.

திரையில் எண் நூறு. முனகல் நின்றது.

அவள் பாதங்களைத் தேடினாள். ஒவ்வொன்றாக. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், இடது கால், மெட்டி இல்லாத விரல். தெரிந்த கால்.

"அக்கா," என்றாள். "நான்தான் அக்கா. ரேணு."

அந்தப் பாதங்கள் திரும்பின.

அவை மட்டுமில்லை. அத்தனையும் திரும்பின. அவளைப் பார்த்து.

ஓடச் சொன்னது மனம். அவள் கம்பத்தைப் பற்றிக்கொண்டாள்.

அக்காவுக்கு அடுத்திருந்த பாதங்கள் மெல்ல ஒதுங்கின. வரிசையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, அசையாமல் நின்றன.